நாதமும் கட்டளையும்: கைக்கணினி இசையை மேசைக்கணினியில் பதிதல்



இசை பயில விரும்பும் வீட்டில் கருவி வாங்கப் பணமும், அதனை வைத்து வாசிக்க இடமும் வேண்டும் என்ற நிலை நம் கண்முன்னே மாறிவிட்டது. அம்பாங்கின் அடுக்குமாடி வீடொன்றில் வீணையைக் கிடத்த இடம் இல்லாதிருக்கலாம். அண்டை வீட்டாரை எண்ணி நாகசுரத்தை வாயில் வைக்கத் தயங்க நேரலாம். ஆயினும் டேப்லெட் எனப்படும் கைக்கணினி அங்கே இருக்கக்கூடும். அதில் தம்புராவும் குழலும் மிருதங்கமும் செயலிகளாக வந்து அமர்ந்துவிட்டன. காதொலிப்பானை அணிந்துகொண்டு நள்ளிரவிலும் பயிலலாம்.

அவ்வாறு பயிலும் மாணவி ஒருத்தி மோகன இராகத்தில் ஒரு பாடலைக் கைக்கணினியில் வாசிக்கிறாள் என்று கொள்வோம். கண்ணாடித் திரையில் விரல் வழுக்கிச் செல்லச் செல்ல, சுரங்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. மகிழ்ந்து, அக்கைக்கணினியை மேசைக்கணினியின் ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைத்துப் பதிகிறாள். திரும்பக் கேட்கும்போது இழைவு காணாமற் போயிருக்கிறது. காந்தாரத்தை நோக்கி எழுந்த குரல் சட்சத்தின் அருகிலேயே நின்றுவிடுகிறது. தன் விரலில் குறை என்றோ, நம் இசை கணினிக்கு ஒவ்வாதது என்றோ அவள் எண்ணக்கூடும். இரண்டும் உண்மையல்ல. குறை இணைப்பில் உள்ளது. நுட்பமாகச் சொன்னால் ஒரே ஓர் எண்ணில் உள்ளது. அந்த எண் யாது, அது எங்கே ஒளிந்திருக்கிறது, அதனை எவ்வாறு சரிசெய்வது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கம்பியில் செல்வது எது?

கைக்கணினியையும் மேசைக்கணினியையும் இணைக்கிறோம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் இருவேறு பொருள்களுள் ஒன்றையே அவற்றிடையே அனுப்புகிறோம். ஒன்று, ஒலி; மற்றொன்று, கட்டளை.

ஒலியை அனுப்புவது கச்சேரியை ஒலிநாடாவில் பதிவதற்கு ஒப்பானது. செயலி எழுப்பிய நாதம் எவ்வாறோ அவ்வாறே மறுபுறம் சென்று சேரும். கமகம், அழுத்தம், மூச்சு யாவும் அதனுள் அடங்கும். ஆனால் குழலாக வந்ததைப் பின்னர் வீணையாக மாற்ற இயலாது. தவறிய ஒரு சுரத்தை மட்டும் எடுத்துத் திருத்துவதும் எளிதன்று.

கட்டளையை அனுப்புவது சுரதாளக் குறிப்பை எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பானது. இந்தச் சுரத்தைத் தொடங்கு, இவ்வளவு அழுத்து, இப்போது நிறுத்து என்னும் செய்திகளே செல்கின்றன. அவற்றைப் பெறும் மேசைக்கணினி தன்னிடமுள்ள கருவியொலியைக் கொண்டு வாசிக்கும். கருவியை மாற்றலாம்; வேகத்தைக் கூட்டலாம்; பிழையான சுரத்தைத் திருத்தலாம். ஆனால் குறிப்பில் எழுதப்படாதது எதுவும் மறுபுறம் சென்று சேராது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பிற யாவும் தெளிவாகும்.

மிடி என்னும் பொதுமொழி

கட்டளைகளுக்கான பொதுமொழியே மிடி. 1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலாத நிலை இருந்தது. அமெரிக்கரான டேவ் சுமித்தும் சப்பானியரான இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னின்று பொது ஒழுங்கொன்றை உருவாக்க முனைந்தனர். 1983 சனவரியில் இருவேறு நிறுவனங்களின் விசைக்கருவிகள் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டுச் சேர்ந்தொலித்தன. இப்பணிக்காக இருவரும் 2013இல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருதைப் பெற்றனர்.

மிடியின் இலக்கணம் எளியது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு; பியானோவின் நடுவிலுள்ள சி என்னும் கட்டைக்கு எண் 60. அழுத்தத்திற்கும் அதே 128 படிகள். செய்திகள் செல்வதற்கு 16 தடங்கள். பழைய மிடி கம்பியில் நொடிக்கு 31,250 இருமக் கூறுகள் செல்லும்; ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்தி ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் சென்று சேரும்.

2010இல் ஐபேட் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஐஓஎஸ் 4.2 பதிப்பு அதற்கு மிடி மொழியைக் கற்றுக்கொடுத்தது. ஆண்டிராய்டு கருவிகளுக்கு அவ்வசதி 2015இல் வந்த 6.0 பதிப்போடு அமைந்தது. நாற்பதாண்டு பழமையான மொழியைத்தான் இன்றைய கண்ணாடித் திரையும் பேசுகிறது.

இம்மொழி பிறந்த இடம் பியானோ போன்ற விசைப்பலகை என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம். எடுத்தால் அச்சுரம் நிற்கும். ஓர் இயக்குக்குப் பன்னிரண்டு படிகள். படிகளுக்கு இடையே எதுவும் இல்லை. நம் இசையின் உயிரோ படிகளுக்கு இடையே இருக்கிறது.

கமகம் செல்லும் வழி

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குப் பெயரிட்ட தமிழர், சுரத்தை அசையாப் புள்ளியாகக் கருதியதில்லை. சுருதிகளின் நுண்ணளவுகளை எண்களால் ஆராய்ந்து தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். யாழின் இசையமைதியைக் கணித வழியே மீட்டுணர்த்த முயன்று விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலைத் தந்தார். ஆகவே இசையை எண்ணால் அளப்பது நமக்குப் புதிதன்று. எந்த எண் என்பதே கேள்வி.

சுரங்களுக்கு இடைப்பட்ட இடத்தைக் குறிக்க மிடி மொழியில் சுருதி வளைவு என்னும் கட்டளை உண்டு. அது 0 முதல் 16,383 வரை செல்லும். நடுவிலுள்ள 8,192 வளையாத நிலை. இத்தனை நுண்ணிய படிகள் இருப்பதால் கமகத்திற்கு இது போதும் என்று தோன்றும், போதுமானதும்கூட. ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. முழுவளைவு என்பது எத்தனை அரைச்சுரம் என்பதை அக்கட்டளை சொல்வதில்லை. அதனை அனுப்புபவரும் பெறுபவரும் தத்தம் அமைப்பில் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மேசைக்கணினி இசைக்கருவிகளில் அது இரண்டு அரைச்சுரம் என்றே தொடக்கத்தில் அமைந்திருக்கும்.

இப்போது அம்மாணவியிடம் திரும்புவோம். அவளுடைய கைக்கணினிச் செயலியில் வளைவின் எல்லை 24 அரைச்சுரம் என்று கொள்வோம். சட்சத்திலிருந்து அந்தர காந்தாரம் 4 அரைச்சுரத் தொலைவு. அவள் விரல் அங்கே சென்றதும், முழுவளைவில் ஆறில் ஒரு பங்கு என்னும் செய்தி செல்கிறது. மேசைக்கணினியின் எல்லையோ 2. இரண்டில் ஆறில் ஒரு பங்கு என்பது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கே. காந்தாரம் வரை எழ வேண்டிய குரல் சட்சத்தின் வாசலிலேயே நின்றதன் காரணம் இதுதான். எல்லைகள் மாறி அமைந்தால் விளைவு தலைகீழாகும்: இரண்டு அரைச்சுர அசைவு இரண்டு இயக்குகள் தாவிக் கூச்சலாகிவிடும். இரு பக்கத்திலும் ஒரே எண்ணை இட்டால் கமகம் உரிய இடத்திற்கு மீளும். ஒரு நிமிட வேலை. அறியாவிடில் ஓராண்டு மனச்சோர்வு.

இரண்டாவது சிக்கல், சுருதி வளைவு ஒரு தடம் முழுவதையும் வளைப்பது. ஒரு விரலால் சட்சத்தை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு மறுவிரலால் கமகம் செய்தால் ஆதார சட்சமும் சேர்ந்தே அசையும். இதற்குத் தீர்வாக எம்பிஇ என்னும் விரிவாக்கம் 2018இல் மிடியின் முறையான பகுதியாயிற்று. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தடம் வழங்குவதே அதன் உத்தி. அதில் விரல்தடங்களின் வளைவெல்லை 48 அரைச்சுரம் என்று தொடக்கத்தில் அமைந்திருக்கும். செயலி, பதிவு மென்பொருள், அதனுள் ஒலிக்கும் கருவி ஆகிய மூன்றும் எம்பிஇயை அறிந்திருக்க வேண்டும்; ஒன்று அறியாவிடினும் பயன் கிட்டாது.

வழுக்கும் பரப்பில் கமகத்தைத் தேடும் வேட்கை கைக்கணினிக்கும் முற்பட்டது. கட்டைகளற்ற நீள்பரப்பாக அமைந்த கண்டினுவம் என்னும் மின்கருவியை ஏ.ஆர். ரகுமான், 2009இல் வெளிவந்த டெல்லி-6 திரைப்படத்தின் இசையில் கையாண்டார். பின்னர் ஐபேடில் ஜியோஷ்ரெட் என்னும் செயலி வந்தது. கம்பி அதிரும் முறையைக் கணித வழியே உருவாக்கி ஒலிக்கும் அச்செயலியைக் கொண்டு மகேஷ் ராகவன் கருநாடக இசையை வாசித்துப் பலரையும் வியக்கச் செய்தார். கண்ணாடித் திரையில் கமகம் எழும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. அதனைச் சிதையாமல் மறுகணினிக்குக் கொண்டு சேர்ப்பதே நம் பணி.

கமகத்தைக் கெடுக்கும் மற்றொரு வசதியும் உண்டு. முன்பின்னாக விழுந்த சுரங்களைத் தாளத்தின் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் தாளச் சீரமைப்பு அது. பல மென்பொருள்களில் அது சுரத்தின் தொடக்கத்தை மட்டும் நகர்த்தும். வளைவுச் செய்திகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும். சுரம் ஓரிடத்திலும் அதன் அசைவு வேறோரிடத்திலும் நிற்கும். கமகம் உள்ள தடத்தில் அதனைத் தொடாதிருப்பதே நலம்.

மேளமும் அவ்வாறே

தாளக்கருவிகளுக்கு வளைவுச் சிக்கல் குறைவு. ஆனால் பெயர்ச் சிக்கல் உண்டு. மிருதங்கச் செயலி ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் வைத்திருக்கும். 1991இல் வகுக்கப்பட்ட பொது மிடி ஒழுங்கிலோ 36 என்பது காலால் மிதிக்கும் பெருமுரசு. 38 என்பது சிறுமுரசு. எண்களை ஒப்பிடாமல் இணைத்தால் நம் தொம் மேலைநாட்டு முரசாக ஒலிக்கும். எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பெறும் கருவியை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

நம் நாட்டுத் தைப்பூசத்தில் முழங்கும் உறுமியின் நிலை வேறு. குச்சி தோலை உரசி எழுப்பும் அந்த நீண்ட உறுமலைத் தொடக்கம், முடிவு என்ற இரண்டு செய்திகளில் அடக்க முடியாது. அதனை ஒலியாகவே அனுப்ப வேண்டும். மாறாக, ஒரே தாளக்கட்டு மீண்டும் மீண்டும் வரும் சொல்லிசைப் பாடல்களுக்குக் கட்டளை வழியே ஏற்றது. யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வல்லவன் இசைத்தொகுப்பை வெளியிட்ட காலந்தொட்டு அவ்வகைப் பாடலில் ஈடுபாடு கொண்ட இளைஞர் இங்குப் பலர். பாட்டின் இயல்பே வழியைத் தீர்மானிக்கிறது.

ஒலியை அனுப்பும் நான்கு வழிகள்

முதலாவதும் எளியதும் கோப்பு வழி. கைக்கணினியிலேயே பதிந்து, தரம் குறையாத வேவ் கோப்பாக வெளியெடுத்து, மேசைக்கணினியில் சேர்ப்பது. தம்புரா, குழல், தாளம் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்தால் பின்னர் அளவு கூட்டவும் குறைக்கவும் இயலும். அவசரமில்லாத பணிக்கு இதனினும் நம்பகமான வழி இல்லை.

இரண்டாவது, மேக் கணினி உடையவர்க்கு உரியது. 2015இல் ஐஓஎஸ் 9 பதிப்போடு ஆப்பிள் நிறுவனம் இவ்வசதியைத் தந்தது. மின்னேற்றும் அதே கம்பியால் ஐபேடை மேக்கோடு இணைத்து, ஆடியோ மிடி செட்டப் என்னும் பயன்பாட்டில் ஐபேடை இயக்கினால், அது பதிவு மென்பொருளில் ஒலி உள்ளீடாகத் தோன்றும். ஒலி ஐபேடிலிருந்து மேக்கிற்கு மட்டுமே செல்லும், இடம் வலம் என இரு தடங்களாக.

மூன்றாவது, ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் ஒலியிணைப்புப் பெட்டி வழி. கைக்கணினியின் காதொலிப்பான் துளையிலிருந்து ஒரு கம்பியை அப்பெட்டியின் உள்ளீட்டில் செருகினால் போதும். விண்டோசு, ஆண்டிராய்டு, ஐபேட் என்ற வேற்றுமை இதற்கில்லை. துளையில்லாத புதிய கைக்கணினிகளுக்கு யூஎஸ்பி-சி மாற்றி தேவைப்படும்.

நான்காவது, கைக்கணினி வாசிக்க வாசிக்க ஒலியை விண்டோசு கணினிக்கு ஏந்திச் செல்லும் துணைச் செயலிகள். இருபுறமும் அதற்குரிய மென்பொருளை நிறுவ வேண்டும்.

கட்டளை வழிக்கும் இதுபோன்ற வாயில்கள் உண்டு. ஆண்டிராய்டு கைக்கணினியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணைப்பு விருப்பத்தில் மிடி என்பதைத் தெரிவு செய்தால் அது ஒரு மிடி கருவியாகவே கணினிக்குத் தோன்றும். ஐபேடும் மேக்கும் வீட்டு வைஃபை வழியே மிடி செய்திகளைப் பரிமாற வல்லவை. விண்டோசில் அதற்கு ஆர்டிபிமிடி என்னும் மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். புளூடூத் வழி மிடியும் உண்டு. ஆனால் பதிவு செய்யும்போது கம்பியே சிறந்தது. கம்பியற்ற வழியில் செய்திகள் ஒரு நேரம் விரைந்தும் மறுநேரம் பிந்தியும் சேரும். மாறாத தாமதத்தைப் பின்னர் நகர்த்திச் சரிசெய்யலாம். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தைச் சரிசெய்ய வழியில்லை.

அணையும் தாமதமும்

அம்பாங் என்னும் பெயர், அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஈயச் சுரங்கக் காலத்தில் நீரைத் தேக்கிய ஊர் இது. கணினியும் ஒலியை அவ்வாறே சிறிது தேக்கி, பின்னர் விடுகிறது. அத்தேக்கத்திற்கு இடையகம் என்று பெயர். தேக்கம் பெரிதானால் ஒலி தடையின்றி ஓடும். ஆனால் பிந்தி வரும். சிறிதானால் உடனே வரும். கணினி திணறினால் இடையிடையே வெடிப்பொலி கேட்கும்.

கணக்கு எளிது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 256 மாதிரி தேக்கம் என்பது ஏறத்தாழ 5.3 மில்லிநொடி, 1,024 என்பது 21 மில்லிநொடி. உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனித் தேக்கம் உண்டாதலால் மொத்தம் இதனினும் மிகும். காற்றில் ஒலி 10 மில்லிநொடியில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் செல்லும். அவ்வளவு தொலைவில் அமர்ந்த மிருதங்க வித்துவானோடு வாசிப்பதில் இடர் இல்லை. தாமதம் அதன் பன்மடங்கானால் விரல் தடுமாறும்.

எனவே பதியும்போது தேக்கத்தை 128 அல்லது 256 என வைத்து, பின்னர் ஒலிகளைக் கலக்கும்போது 1,024 ஆக உயர்த்துக. வாசிப்பவர் தம் ஒலியைக் கைக்கணினியிலிருந்தே நேரடியாகக் கேட்டு, மேசைக்கணினி வழித் திரும்பிவரும் ஒலியை அடைத்துவிடுவதும் நன்று. புளூடூத் காதொலிப்பான் தன் பங்கிற்கு நூறு மில்லிநொடிக்கு மேலும் தாமதம் சேர்க்கக் கூடுமாதலால் வாசிக்கும்போது அதனைத் தவிர்க்க.

கட்டை மாறும் விந்தை

மாதிரி வீதம் பற்றியும் ஒரு சொல். குறுந்தட்டின் வீதம் நொடிக்கு 44,100. காணொளித் துறையின் வழக்கம் 48,000. 44,100இல் பதிந்த ஒலியை, மாற்றம் செய்யாமல் 48,000 என்று கருதி ஒரு மென்பொருள் ஒலித்தால் ஐந்து நிமிடப் பாடல் 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே சென்று நிற்கும். எந்த ஆர்மோனியத்தோடும் சேராது. சுருதிப் பெட்டியைக் குறை சொல்லுமுன் இருபுறமும் வீதம் ஒன்றா என்று பார்ப்பது அறிவுடைமை.

ஒரு நடைமுறை ஒழுங்கு

வீட்டில் ஒரு தேவாரப் பதிகத்தையோ கீர்த்தனையையோ பதிய விரும்புவோர்க்கு இவ்வொழுங்கைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் இருபுறமும் மாதிரி வீதத்தை ஒன்றாக்குக. அடுத்துத் தம்புராவைத் தனித்தடத்தில் பதிக. மூன்றாவதாகச் சுருதி வளைவின் எல்லையை இருபுறமும் ஒப்பிடுக. சட்சத்திலிருந்து பஞ்சமம் வரை ஒரே இழுப்பில் வாசித்து, மேசைக்கணினியின் கருவியிலும் பஞ்சமம் தம்புராவோடு சேருகிறதா என்று காதால் சோதிக்க. நான்காவதாக, ஒரே வாசிப்பை ஒலியாகவும் கட்டளையாகவும் இரு தடங்களில் ஒருங்கே பதிக. ஒலித்தடம் உள்ளது உள்ளவாறு காக்கும் மூலம். கட்டளைத்தடம் திருத்தவும் ஆராயவும் உதவும் படி. தொடக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் இரண்டையும் பின்னர் நேர்நிறுத்தலாம். தாளமற்ற ஆலாபனைக்கும் விருத்தத்திற்கும் மென்பொருளின் தாளத்தட்டை நிறுத்திவிடுக.

இரு தடமும் வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்டளைத்தடத்தைத் திரையில் விரித்தால் ஒரு கமகம் எங்கே எழுந்து எங்கே தாழ்ந்தது என்பது கோடாகவே தெரியும். பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ வாரம் ஒருமுறை மட்டும் ஆசிரியரைக் காணும் மாணவர்க்கு, தம் காந்தாரத்தின் அசைவைக் கண்ணால் காண்பது பெருந்துணை. ஆயினும் அக்கோடு இசையன்று. ஒலித்தடம் இல்லாமல் கோட்டை மட்டும் வைத்திருப்பவர், ஏட்டைக் காத்துப் பாட்டை இழந்தவர் ஆவார்.

அன்பர்களே, இக்கருவிகளுள் எதுவும் தமிழிசைக்குப் பகையன்று. அவற்றின் தொடக்க அமைப்புகள் வேறோர் இசையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை, அவ்வளவே. வளைவெல்லை இரண்டு என்பதும், 36 என்பது மேலைநாட்டு முரசு என்பதும் இயற்கை விதிகள் அல்ல; யாரோ தெரிவு செய்த எண்கள். அவற்றை மாற்றும் உரிமையும் வழியும் நமக்கு உண்டு. மாற்றாமல் விட்டால் நம் பிள்ளைகள் வளைவில்லாத மோகனத்தையே மோகனம் என்று கேட்டுப் பழகுவர். மாற்றத் தெரிந்தால், அடுக்குமாடியின் சிறிய அறையிலிருந்தும் நாதம் சிதையாமல் வெளிவரும். இன்று வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையின் கைக்கணினியில் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.